பூட்டி வைத்த தண்ணீர்

சல்லடைக்காரர் யாரையும் லேசில் நம்பமாட்டார். அதை ஒரு குறையாக அவர் நினைத்ததும் இல்லை. பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பற்றி மருந்துக் கடைக்காரரிடம் விசாரிப்பார். மருந்துக் கடைக்காரர் சொன்னதைப் பற்றி இன்னொரு டாக்டரிடம் விசாரிப்பார். மனைவி “உப்பு சரியா இருக்குங்க” என்று சொன்னாலும், குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் தட்டின் முன்னால் உட்காருவார்.

இதில் அவர் பார்த்த வேலைக்கும் பங்கு உண்டு. நகரத்தின் கழிவுநீரெல்லாம் வந்து சேருகிற சுத்திகரிப்பு நிலையத்தில், தண்ணீர் உள்ளே நுழைகிற வாயில் பெரிய கம்பிச் சல்லடை ஒன்று இருக்கிறது. துணி, பிளாஸ்டிக், பொம்மை, ஒற்றைச் செருப்பு என்று வந்து சிக்குவதையெல்லாம் அதிலிருந்து வாரியெடுக்கிற வேலையைப் பாதி ஆயுசு பார்த்தவர். சாத்திய கதவுக்குப் பின்னால் ஊர் என்ன செய்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஒருமுறை, வீட்டுக் கழிவுதான் என்று சத்தியம் பண்ணிக்கொண்டு வந்த லாரியில் இருப்பது சாயப்பட்டறைத் தண்ணீர் என்று மோந்து பார்த்தே பிடித்துக் கொடுத்தார். மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கைகுலுக்கினார். அன்றிலிருந்து சந்தேகம் என்பது அவருக்கு ஒரு படிப்பு மாதிரி ஆகிவிட்டது. “சந்தேகப்பட்டுக் கெட்டவன் எவனும் இல்ல” என்பார். தெருவில் விசாரித்திருந்தால் நாலு பேரைக் கை காட்டியிருப்பார்கள்.

அவர் சந்தேகப்படாத ஆளும் ஒருவன் இருந்தான். அவன் மனைவியின் தம்பி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை; கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தவன். தோளில் தூக்கிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டது இவர்தான். காய்ச்சல் வந்தால் இரண்டு பேருக்கும் நடுவில் படுக்கப் போட்டுக்கொண்டதும் உண்டு. வளர்ந்து ஆளானபின், இதே நிலையத்தில் பம்பு ஆபரேட்டர் வேலைக்கு அவனுக்காக அலைந்ததும் இவர்தான். இவர்களுக்குப் பிள்ளை கிடையாது. அந்தக் குறை பெரிதாகத் தெரியாமல் போனதற்குக் காரணம் முன் அறையில் கால் நீட்டிப் படுத்திருக்கும் அந்த மச்சினன்தான். அவனையே சந்தேகப்படும் நாள் ஒன்று வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், சொன்னவனைத்தான் அவர் சந்தேகப்பட்டிருப்பார்.

அந்த நாளைக் கொண்டுவந்தது ஒரு ஏரி. நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் கலக்கிற அந்த ஏரி பச்சைப் பசேலென்று பாசி மூடி, மீன்கள் செத்து மிதந்தபிறகுதான் மேலிடத்துக்குக் கண் திறந்தது. அழுக்கை மட்டும் எடுத்தால் போதாது, கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிற நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் எடுத்தாகவேண்டும், பாசிக்கு உரம் அவைதான் என்றார்கள். பக்கத்திலேயே புதிய நிலையம் எழும்பியது. அதை ஓட்டத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. ஆகவே பழைய ஆட்களில் சிலரைப் பொறுக்கியெடுத்துப் பயிற்சி வைத்தார்கள். மாமனும் மச்சினனும் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள்.

பயிற்சி நடந்தது தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில். ஒவ்வொருவருக்கும் மூன்று பீப்பாய்களை வரிசையாகக் குழாயால் இணைத்து ஒரு சின்ன நிலையம் கொடுத்திருந்தார்கள். அதற்குத் தொட்டி என்று பெயர். அவரவர் தொட்டிக்கு அவரவர்தான் பொறுப்பு. அடுத்தவர் தொட்டியைத் தொடக்கூடாது என்பது சட்டம். முடிவில் எவருடைய தண்ணீர் மிகச் சுத்தமாக இருக்கிறதோ அவர் புதிய நிலையத்துக்குப் பொறுப்பாளர். தேறிய மற்றவர்கள் அவருக்குக் கீழே. தேறாதவர்கள் ஊருக்கு வெளியே, ஆளரவம் இல்லாத பம்பிங் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும்.

சல்லடைக்காரருக்கு அந்தப் பொறுப்பாளர் வேலை வேண்டும். வாரி வாரித் தோள்பட்டை தேய்ந்துவிட்டது. ஓய்வு பெறுவதற்குள் கொஞ்ச காலமாவது நாற்காலியில் உட்கார்ந்து, நாலு பேர் “சார்” என்று கூப்பிட வேலை பார்க்கவேண்டும் என்ற ஆசையை அவர் ஒளித்து வைக்கவில்லை. மனைவியிடம் சொன்னார், மச்சினனிடமும் சொன்னார்.

“உங்களுக்குத்தான் மாமா கெடைக்கும். நான் உங்களுக்குக் கீழ வேல பாக்கறேன், என்ன இப்ப?” என்றான் அவன் சிரித்துக்கொண்டே.

சொல்லிக் கொடுக்க வெளியிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தாள். முதல் நாளே நுண்ணோக்கியில் எல்லோருக்கும் புழுவைக் காட்டியதால் புழு டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேகமாகப் பேசுவாள், பாதி வாக்கியத்தில் டீயைக் குடிக்கப் போய்விடுவாள். ஆனால் சொல்வது மண்டையில் ஏறும்.

“பாஸ்பரஸை எடுக்கறது நீங்களும் இல்ல, நானும் இல்ல. பாக்டீரியா. மொத பீப்பாயில காத்து கிடையாது. அங்க அதுக்கு மூச்சு முட்டும். தன்கிட்ட சேத்து வெச்சிருக்கற பாஸ்பரஸை வெளிய விட்டுட்டு, அந்தத் தெம்புல தண்ணியில இருக்கற சாப்பாட்டை உள்ள இழுத்துக்கும். மூணாவது பீப்பாயில காத்து கொடுக்கறோம். அங்க என்ன பண்ணும்?”

மற்றவர்கள் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். சல்லடைக்காரர்தான் எழுந்தார்.

“விட்டதையும் சேத்து ரெண்டு பங்கா முழுங்கிக்கும் டீச்சர். அப்ப அது குடியிருக்கற சேத்தை நாம வெளிய எடுத்துட்டா, பாஸ்பரஸும் அதோட போயிரும். காத்து இல்லன்னா கக்கும், காத்து இருந்தா முழுங்கும். அவ்வளவுதான்.”

“அவ்வளவேதான்,” என்றாள் டீச்சர். மச்சினன் பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்து, “எங்க மாமா” என்றான்.

தினமும் காலையில் மூன்றாவது பீப்பாயின் கடைசியில் பாட்டிலை முக்கித் தண்ணீர் எடுக்கவேண்டும். எடுத்த உடனே காகிதத்தில் வடிகட்டி, சேறில்லாத தண்ணீரைப் பொதுவான பிரிட்ஜில் வைக்கவேண்டும். மதியம் சாப்பிட்டபிறகு எல்லோரும் சோதனை அறையில் கூடி, அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி மருந்து விட்டுப் பார்ப்பார்கள். பாஸ்பரஸ் இருந்தால் தண்ணீர் நீலமாகும். வெளிறிய நீலம் என்றால் நல்லது. நீலம் கறுக்கக் கறுக்கக் கேடு. பயிற்சி தொடங்கிய புதிதில் சல்லடைக்காரரின் தண்ணீர் துவைத்த சட்டை மாதிரி வெளிறியிருந்தது. மனுஷன் வீட்டுக்குப் போகும்போது விசிலடித்துக்கொண்டு போனார்.

அப்புறம் ஒரு நாள் மின்சாரம் போனது. காற்று ஊதுகிற ப்ளோயர் நின்று, எல்லோர் தண்ணீரும் அன்று கொஞ்சம் நீலம் கூடியது. சல்லடைக்காரரின் தொட்டி காற்றுக் குழாயின் கடைக்கோடியில் இருந்ததால் அவருடையது எல்லோரையும்விடக் கூடியது. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அன்று காலை அவர் ஷெட்டுக்குள் நுழைந்தபோது, மச்சினன் குனிந்து நின்று இவருடைய காற்று வால்வில் கை வைத்திருந்ததை இவர் பார்த்திருந்தார்.

“என்னடா பண்ற?”

“குமிழி கம்மியா வந்துச்சு மாமா. லேசாத் தெறந்து விட்டேன்.”

அப்போது அதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. மதியம் தன் குழாயில் நீலத்தைப் பார்த்ததும்தான் அந்தக் கை கண்முன்னால் வந்தது. திறந்து விட்டானா, மூடி விட்டானா? அடுத்தவர் தொட்டியைத் தொடக்கூடாது என்று தெரிந்தும் ஏன் தொட்டான்? இவர் தொட்டி கெட்டால் அடுத்து நிற்பது யார் தொட்டி? அவனுடையதுதான். இவருக்கு அடுத்தபடியாக வெளிறிய நீலம் அவனுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

சீச்சீ, என்று தலையை உதறினார். உதறினால் போகிற சரக்கா அது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மச்சினன் டீச்சரிடம் நின்று எதையோ கேட்டுச் சிரித்தால், இவர் காது அந்தப் பக்கமே போனது. அவன் இவருக்கு முன்னால் வேலைக்குக் கிளம்பினால் ஏன் முன்னால் போகிறான் என்று தோன்றியது. சேர்ந்து வந்தால், கூடவே இருந்து குழி பறிக்கிறானோ என்று தோன்றியது. பிரிட்ஜில் தன் பாட்டில் வைத்த இடத்தை விட்டு நாலு விரல் நகர்ந்திருந்ததைக் கண்டபோது, அன்று சோதனையில் நீலம் வெளிறித்தான் இருந்தது என்பதைக்கூட அவர் மனசு கணக்கில் எடுக்கவில்லை. நகர்த்தியது எவன் என்பதுதான் கேள்வி. அதே பிரிட்ஜில் பத்துப் பேர் தயிரும் தண்ணீரும் வைத்து எடுக்கிறார்கள் என்பது சந்தேகம் இல்லாதவனுக்குத் தெரிகிற விஷயம்.

ஒரு முடிவுக்கு வந்தார். இனி பாட்டிலைப் பொது இடத்தில் வைப்பதில்லை. வடிகட்டுவதும் அப்படித்தான். காகிதத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்குகிற நேரமெல்லாம் பாட்டில் மேஜைமேல் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் ஒரு துளி எதையாவது விடலாம். ஆகவே காலையில் எடுத்த தண்ணீரை அப்படியே, சேறும் நீருமாக, வாய் முட்ட நிரப்பி, மூடியை முறுக்கித் தன் இரும்பு லாக்கருக்குள் வைத்துப் பூட்டினார். மதியம் சோதனைக்கு உட்காரும்போது வெளியே எடுத்து, கண்ணெதிரே வடிகட்டிக்கொள்வதாகத் திட்டம். உடனே வடிகட்டவேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தது ஞாபகம் இருந்தது. தூசியை எடுக்கத்தானே வடிகட்டுவது, காலையில் எடுத்தால் என்ன, மதியம் எடுத்தால் என்ன என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். ஷெட்டில் கூட்டமும் சளசளப்பும் எப்போதும் இருந்ததால் இதை ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிக்காதபடி பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

அன்று மதியம் அவர் குழாய் மயிலிறகு நிறத்துக்கு வந்தது.

 பூட்டி வைத்ததிலேயே இப்படியா? அப்படியென்றால் தண்ணீரில் இல்லை, தொட்டியிலேயே கை வைக்கிறான். இரண்டாவது நாள் தொட்டியின் பக்கத்தை விட்டு அசையவே இல்லை. டீச்சர் பாடம் எடுக்கும்போதும் கதவு வழியாகக் கண்கொத்திப் பாம்பாகத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலம் இன்னும் கூடியது. அப்படியென்றால் தொட்டியிலும் இல்லை, லாக்கரில்தான். லாக்கர் சாவிக்கு இரட்டை இருக்கிறது. அது வீட்டில் சமையலறை ஆணியில் தொங்குகிறது. அந்த ஆணிக்குக் கையெட்டும் தூரத்தில்தான் அவன் தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

வீட்டுக்கு வந்ததும் ஆணியிலிருந்து சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அது எதுக்குங்க உங்களுக்கு? ஒண்ணுதான் கையில இருக்கே,” என்றாள் மனைவி.

“இருக்கட்டும்.”

“யாருக்குப் பயந்து சாவிய மடியில கட்டிக்கிட்டுத் திரியறீங்க?”

“யாருக்கும் இல்ல. நீ உன் வேலையப் பாரு.”

முன் அறையில் மச்சினன் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று சல்லடைக்காரர் நினைத்துக்கொண்டார். அவன் தைத்துக்கொண்டிருந்தது அவருடைய செருப்பு என்பது அவர் கண்ணில் படவில்லை.

சாவி இரண்டும் தன்னிடம் இருந்தும் நீலம் இறங்கவில்லை. பழைய பூட்டை எறிந்துவிட்டுப் புதுப் பூட்டு வாங்கினார். அப்போதும் இறங்கவில்லை. இவர் எவ்வளவுக்கெவ்வளவு சீக்கிரம் தண்ணீரை எடுத்துப் பூட்டினாரோ, அவ்வளவுக்கவ்வளவு நீலம் கறுத்தது. புதுப் பூட்டையும் திறக்கிறவன் எவ்வளவு பெரிய கள்ளனாக இருக்கவேண்டும் என்று யோசித்தபோது, பள்ளிக்கூடத்துக்குத் தோளில் சுமந்த முகம் ஞாபகம் வந்தது. பாம்புக்குப் பால் வார்த்துவிட்டோம் என்று தோன்றியது. அழுகைகூட வந்தது, ஆனால் சந்தேகம் வரவில்லை. அதாவது, சந்தேகப்படவேண்டிய இடத்தில் வரவில்லை.

கடைசி வாரத்துக்கு முந்தின ஒரு மதியம். சோதனை அறையில் எல்லோரும் குழாய்களைத் தாங்கியில் வைத்துக் காத்திருந்தார்கள். சல்லடைக்காரரின் குழாய் பேனா மையாக நின்றது. டீச்சர் அதை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தாள்.

“இது என்னங்க? ஆரம்பத்துல உங்க தொட்டிதானே மொதல்ல நின்னுச்சு. என்ன பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணல டீச்சர். பண்றவங்க பண்றாங்க.”

“யாரு பண்றாங்க?”

சல்லடைக்காரர் சொல்லாமல் இருந்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினவர்கள் உலகத்தில் உண்டு. ஆனால் மச்சினனின் குழாய் பக்கத்திலேயே வெள்ளை வெளேரென்று நின்றது. அதைப் பார்த்ததும் வாய் கட்டுக்குள் நிற்கவில்லை.

“வெளியாள் இல்ல டீச்சர். எங்க வீட்டுச் சோத்தத் தின்னு வளந்தவன். இத்தன வருஷமாப் போட்ட சோத்துக்கு, என் தொட்டியிலயே கை வெக்கிறான்.”

 ஒருவன் தன் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடினான். மச்சினன் முதலில் யாரைச் சொல்கிறார் என்று சுற்றிப் பார்த்தான். தன்னைத்தான் என்று விளங்கியதும் அவன் முகம் சிறுபிள்ளை முகம் மாதிரி ஆனது, பிறகு ஒரு முகமாகவும் இல்லாமல் போனது.

“ஒரு தடவ வால்வத் தொட்டேன் மாமா. காத்து கம்மியா இருந்துச்சுன்னு தொட்டேன். அதுக்கப்புறம் உங்க பக்கமே வரல,” என்றான். குரலை உயர்த்தவில்லை.

“நாளைக்கு உங்க மச்சினன் ஷெட்டுக்கு வர வேண்டாம். காலையில இருந்து நான் உங்க கூடவே இருக்கேன். என்னதான் நடக்குதுன்னு பாத்துருவோம்,” என்றாள் டீச்சர்.

அன்று மாலை மச்சினன் வீட்டில் சாப்பிடவில்லை. வெளியில் சாப்பிட்டுவிட்டதாக அக்காவிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். அவன் அப்படி வெளியில் சாப்பிடுகிறவன் இல்லை. போட்ட தட்டை எடுத்து வைத்துவிட்டு அவள் கணவனிடம் வந்தாள்.

“என்ன சொன்னீங்க அவன?”

சல்லடைக்காரர் மறைக்கவில்லை. நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று நம்புகிறவருக்கு மறைக்க என்ன இருக்கிறது? வால்விலிருந்து ஆரம்பித்து, சாவி, பூட்டு, பேனா மை, சோதனை அறையில் பேசியது வரை ஒன்று விடாமல் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி வாக்கியத்துக்கு மட்டும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“சோத்தச் சொன்னீங்களா?”

“ஆத்திரத்துல வந்துருச்சு.”

“அவன் கெடுத்தான்னே வெச்சுக்குவோம். நீங்க சொன்னது அத்தனையும் சரியாவே இருக்கட்டும். சோத்த ஏங்க சொன்னீங்க?”

அவர் பாயை உதறி விரித்தார். நாளைக்கு உண்மை வெளியே வந்தபிறகு இவளே தன்னைப் புரிந்துகொள்வாள் என்று நினைத்துக்கொண்டு படுத்தார்.

மறுநாள் காலை டீச்சர் சொன்னபடியே கூட நின்றாள். சல்லடைக்காரர் தண்ணீரை எடுத்தார், வாய் முட்ட நிரப்பினார், மூடியை முறுக்கினார், லாக்கரை நோக்கி நடந்தார்.

“இத வடிகட்டலையா?” என்றாள் அவள்.

“மத்தியானம் வடிகட்டிக்குவேன் டீச்சர். வெளிய வெச்சா நம்பிக்கை இல்ல.”

அவள் அவரையும் லாக்கரையும் பார்த்தாள். லாக்கர் ப்ளோயர் அறையின் சுவரை ஒட்டி இருந்தது. அந்தச் சுவர் எப்போதும் அடுப்பங்கரைச் சுவர் மாதிரிச் சுடும்.  இன்னொரு பாட்டிலில் அதே இடத்தில் தண்ணீர் எடுத்து, அங்கேயே நின்று வடிகட்டி, பிரிட்ஜில் வைத்தாள். “உங்களுத நீங்க பூட்டுங்க. சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும்,” என்றாள்.

மதியம் இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருந்து விட்டார்கள். டீச்சருடையதில் நீலம் இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்கவேண்டியிருந்தது. அவருடையது கறுத்துக்கொண்டே போய் மையாக நின்றது. ஒரே பீப்பாய், ஒரே நேரத்தில் எடுத்த தண்ணீர். மச்சினன் ஷெட்டுக்குள்ளேயே இல்லை. சல்லடைக்காரருக்கு ஒரு நொடி இந்த டீச்சர்மேலேயே சந்தேகம் வந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

“மூடிய இறுக்கமா மூடுவீங்களா?” என்று கேட்டாள்.

“காத்துகூடப் போகாது டீச்சர்.”

சொன்ன வாயோடு நின்றுவிட்டார். காற்று போகாது. பாட்டிலுக்குள் சேறு இருக்கிறது, சேற்றுக்குள் பாக்டீரியா இருக்கிறது. மூடியை முறுக்கிச் சுடுகிற இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் அதற்கு மூச்சு முட்டாமல் என்ன செய்யும்? மூன்றாவது பீப்பாயில் விழுங்கியதையெல்லாம் பாட்டிலுக்குள் திரும்பக் கக்கியிருக்கிறது. எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தபோது வகுப்பில் எழுந்து நின்று இதைச் சொன்னவரே அவர்தான். காலையில் சீக்கிரம் எடுத்துப் பூட்டப் பூட்ட, அது கக்குவதற்கு அதிக நேரம் கொடுத்திருக்கிறார்.

“பீப்பாய்னாத்தான் தொட்டியா? இந்த பாட்டிலும் ஒரு தொட்டிதாங்க,” என்றாள் டீச்சர். “உங்க தொட்டிக்கு ஒண்ணும் ஆகல. ஒரு நாளும் ஆகல. இந்த ஷெட்டுலயே நல்ல தொட்டி உங்களுதுதான்.”

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். தொட்டி நன்றாக இருக்கிறது, வேலை தனக்குத்தான் என்ற சந்தோஷம். அது முழுசாக உள்ளே இறங்குவதற்குள், மற்றவர்கள் தன்னைப் பார்க்காமல் தத்தம் குழாய்களைக் கழுவிக்கொண்டிருப்பதைக் கண்டார். அப்போதுதான் நேற்று இதே அறையில் சொன்ன சோறு ஞாபகம் வந்தது.

மன்னிப்புக் கேட்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது. கேட்டுப் பழக்கமில்லை. டீச்சரே மச்சினனை வரவழைத்து நடந்ததை விளக்கினாள். அவன் தலையாட்டினான், மறுநாளிலிருந்து தன் தொட்டியைப் பார்க்க வந்தான். ஷெட்டில் ஒரு மாற்றம்தான். பாட்டிலை முக்குவதற்கு முன்னால் யாரையாவது கூப்பிட்டு, “நான் எடுக்கறேன், பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தான்.

வீட்டில் அவர் ஒவ்வொரு மாலையும் தட்டைத் தானே எடுத்து வைத்து, “வாடா, சாப்பிடலாம்” என்று கூப்பிட்டார். இதுநாள்வரை அவர் கூப்பிட்டு அவன் சாப்பிட்டதில்லை. பசித்தால் தானே வந்து உட்காருகிறவன்.

“பசியில்ல மாமா. நீங்க சாப்பிடுங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மாமா என்பதை அவன் விடவில்லை, மரியாதையில் ஒரு பொட்டுக் குறையவில்லை. அதுதான் தொண்டையில் இறங்கவில்லை.

பயிற்சி முடிந்தது. சல்லடைக்காரர் பொறுப்பாளர் ஆனார். மச்சினனும் நன்றாகவே தேறியிருந்தான். ஆனால் தேறாதவர்களை அனுப்புகிற அந்தப் பம்பிங் ஸ்டேஷனுக்குத் தன்னைப் போடச் சொல்லி அவனே அதிகாரியிடம் போய்க் கேட்டு வாங்கிவிட்டான். அங்கேயே தங்க ஒரு அறையும் இருக்கிறதாம்.

“நீங்க போயி நிறுத்துங்க. நான் சொன்னாக் கேக்கமாட்டான்,” என்றாள் மனைவி. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் முழுசாகப் பேசிய பேச்சு அது.

அவர் முன் அறைக்குப் போனார். அவன் பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

“அங்க எவன்டா போவான்? பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கெடையாது.”

“அதுதான் மாமா வசதி. ஒரே ஆளு. எது கெட்டாலும் நான்தான், எது காணாமப் போனாலும் நான்தான். யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல.”

“நான் பேசினது தப்புடா,” என்றார் அவர். ஒருவழியாக வந்துவிட்டது. “புத்தி கெட்டுப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத. நீ இல்லாம இந்த வீட்டுல எப்படிடா?” 

“ஐயோ, விடுங்க மாமா. நான் அப்பவே மறந்துட்டேன்,” என்றான் அவன். மறந்தவன் பேசுகிற மாதிரித்தான் பேசினான். துணிகளை வைத்து முடித்து ஜிப்பை இழுக்கப் போனவன், கொஞ்சம் யோசித்துவிட்டு, பையை அவர் பக்கம் நகர்த்தி இரண்டு கையாலும் வாயை விரித்துப் பிடித்தான்.

“பாத்துருங்க மாமா.”

“என்னத்தடா?”

“பைய. நாளைக்கு வீட்டுல ஏதாச்சும் ஒண்ணு காணோம்னா யாரு மனசுலயும் எதுவும் இருக்கக்கூடாது பாருங்க. பாத்துட்டீங்கன்னா எனக்கும் நிம்மதி.”

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே நிம்மதிக்காகத்தான் கேட்டான். “மூடுடா அத” என்று சொல்லவே சல்லடைக்காரர் வாயெடுத்தார். ஜன்னலைப் பார்த்திருக்கலாம், அவன் முகத்தைப் பார்த்திருக்கலாம். கண் கேட்கவில்லை. மடித்த சட்டைகளின்மேல் போனது, சோப்பு டப்பாவைத் தாண்டியது, ஓரத்தில் துணியில் இறுக்கிச் சுற்றி வைத்திருந்த ஒரு பொட்டலத்தின்மேல் போய் நின்றது. அது என்ன என்று மனசு கேட்டும்விட்டது.

நிமிர்ந்தபோது வாசல்படியில் மனைவி நின்றிருந்தாள். அவர் கண் எங்கே போய் நின்றது என்பதை அவள் பார்த்துவிட்டிருந்தாள்.

“அது நான் கட்டிக் குடுத்த சோறுங்க,” என்றாள்.